மூன்றாவது பாட்டை டீச்சர் பாடினார்

நடனப் பள்ளிக்கு வேன் ஓட்டும் ஏழுமலை அண்ணன் வேலை நேரத்தில் எனக்குப் போன் செய்ய மாட்டார். சொல்ல வேண்டியதைக் குரல் பதிவாக அனுப்பிவிடுவார். அன்று மதியம் போனே வந்தது. படூரில் என் அறையில் உட்கார்ந்து, விழுந்துகிடந்த கம்பெனி சர்வர் ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தேன். "அண்ணே, அப்புறம் பேசட்டுமா?" என்றேன்.

"அப்புறம் இன்னாத்த பேசறது? டீச்சர் பூட்டாங்கப்பா."

சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. நான் சர்வரை அப்படியே விட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றத்துக்கு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

வேதவல்லி டீச்சரின் நடனப் பள்ளி சார்பில் நினைவு மலர் போடுகிறார்கள், நீயும் எழுது என்று என் தங்கை சொன்னாள். அவள் அங்கே ஆடக் கற்றவள். நான் ஆடவும் இல்லை, பாடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஒலிபெருக்கி, லேப்டாப், பாட்டு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டவன். நீங்கள் எல்லாரும் அவருடைய அபிநயத்தைப் பற்றி எழுதுவீர்கள். நான் ஒரு விஜயதசமியைப் பற்றி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. சாவு வீட்டில் டீச்சரின் கணவர், அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

"அன்னைக்குப் பாட்டு வந்துடுச்சாமே. அவளே சொன்னா. நீ ஏம்ப்பா போடல?"

சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள். பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் டீச்சரோடு எனக்கு எப்படிப் பழக்கம் என்று சொல்லிவிடுகிறேன். தங்கையை அழைத்துப் போக வந்த ஒரு நாள், ஒத்திகை நடுவில் பாட்டு நின்றுபோனது. பெண்கள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். டீச்சர் திரும்பி என்னைப் பார்த்து, "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே? இது ஏன் நிக்குது?" என்றார். பாட்டு உங்கள் கருவியில் இல்லை, இணையத்தில் இருக்கிறது, சிக்னல் போனால் பாட்டும் போகும் என்றேன். "எங்கேயோ இருக்கிற பாட்டுக்கா நாங்க இங்கே ஆடிக்கிட்டிருக்கோம்?" என்று கேட்டார். கேள்வி சரிதான். அன்றிலிருந்து பாட்டைக் கருவிகளில் இறக்கி வைப்பது என் வேலை ஆயிற்று. என் பெயரை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் "இன்ஜினியர்". கோபம் வந்தால் "இன்ஜினியரே".

அவர் கடுமையானவர். பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள், சில அம்மாக்களும் அழுதிருக்கிறார்கள். "தாளம் தப்பினா திருத்திடுவேன். சாக்கு சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்பார். அனுப்பியும் இருக்கிறார். எனக்கு அது பிடிக்கும். வேலை இடத்தில் நான் பார்க்கும் மனிதர்கள் பெரும்பாலும் சாக்கைத்தான் முதலில் தயார் செய்கிறார்கள்.

அவர் தொண்டையில் கட்டி வந்து எடுத்தது உங்களுக்குத் தெரியும். பேசலாம், உரக்கப் பாடக் கூடாது, பாடினால் இருக்கிற குரலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை வகுப்புக்கும் மேடைக்கும் அவரே பாடிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் பெண்கள் இணையப் பாட்டுக்கு ஆடத் தொடங்கினார்கள். நான் வந்த பின் சென்னையில் வேறொரு பாடகியை வைத்து மூன்று பாட்டுகளைப் பதிவு செய்தோம். மூன்றாவது, டீச்சரே மெட்டமைத்த தில்லானா. பதிவு செய்தவர் மூன்றையும் டீச்சரின் கணக்கில் இணையச் சேமிப்பில் ஏற்றிவிட்டார். பெரிய கோப்புகள். விஜயதசமி காலையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரை விடுதி ஒன்றில் நம் பெண்கள் ஆட வேண்டும். அந்தச் சுற்றுலாப் பருவம் முழுக்க மாலை நிகழ்ச்சிக்கு ஒரு குழுவை விடுதிக்காரர்கள் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். பாட்டு இல்லை என்றால் இரண்டே வழி. பெண்கள் ஆடாமல் திரும்ப வேண்டும், அல்லது டீச்சர் பாட வேண்டும். இரண்டில் அவர் எதைச் செய்வார் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆயுத பூஜை சாயங்காலம் நான் போனபோது பூஜை முடிந்திருந்தது. சலங்கைகள், நட்டுவாங்கத்துக்கான கைத்தாளம், கட்டையில் தட்டும் தட்டுக்கழி, அவற்றோடு ஒலிபெருக்கி, லேப்டாப், டேப்லெட் எல்லாம் வாழை இலையில் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். டீச்சர் கையில் பொத்தான் போன் மட்டும்.

"மூணு பாட்டும் இறங்கிடுச்சா டீச்சர்?"

"இருக்கு. பேர் எல்லாம் வரிசையா வந்திருக்கு. பார்த்துட்டுத்தான் மூடினேன்."

"பேருக்குப் பக்கத்துல மேகம் மாதிரி ஒரு குறி இருந்துச்சா?"

"இருந்தது. அழகா இருந்தது."

பட்டியலில் பெயர் தெரிந்தால் பாட்டு வந்துவிட்டது என்று பொருள் இல்லை. மேகக் குறி இருந்தால் பாட்டு இன்னும் இணையத்தில்தான் இருக்கிறது என்று பொருள். நான் லேப்டாப் பக்கம் கையை நீட்டினேன்.

"தொடாதே. பொட்டு வெச்சாச்சு. காலையில மறுபூஜை ஆனதும் எடுத்துக்கோ."

"திறந்து மட்டும் வைங்க டீச்சர். யாரும் தொட வேணாம். விடியறதுக்குள்ள தானா இறக்கிடும்."

"அது வேலை செஞ்சுகிட்டே இருந்தா அப்புறம் என்ன பூஜை? தையல் மெஷினை ஓட விட்டுக்கிட்டா பொட்டு வைப்பாங்க?"

என் லேப்டாப்பில் அவர் கணக்கைத் திறந்து பார்த்தேன். புதிய கருவி என்பதால், பதிவு செய்த கருவியில் அனுமதி கொடுங்கள் என்று கேட்டது. அந்தக் கருவி டேப்லெட். டேப்லெட் அணைக்கப்பட்டு, சந்தனத்தோடு, கைத்தாளத்துக்குக் கீழே இருந்தது. சென்னையில் பதிவு செய்தவருக்குப் போன் போட்டேன். "மிஷின் எல்லாம் பூஜைல கீது சார். காலைல தொறந்ததும் இன்னான்னாலும் பண்ணித் தரேன்" என்றார். செங்கல்பட்டு மாவட்டத்திலும் சென்னையிலும் அன்றைக்கு அந்த மூன்று பாட்டுகளையும் தொடக்கூடிய ஒரு கருவிகூட விழித்திருக்கவில்லை.

"இறங்கலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

"நீ இறக்குவே. அதுக்குத்தான் உன்னை வெச்சிருக்கேன், இன்ஜினியரே" என்று சுண்டலை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

காலையில் மறுபூஜை முடிந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினேன். ஓட்டியவர் ஏழுமலை அண்ணன். அவர் மகளும் ஆடுகிறாள். பெண்கள் பின்னால் ஒப்பனையோடு உட்கார்ந்திருக்க, நான் முன் இருக்கையில் என் போனின் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுத்தேன். நகரவில்லை. பார்த்தால், ஒரு நாள் ஓய்வெடுத்து எழுந்த லேப்டாப் முதல் வேலையாகத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. இருந்த கொஞ்ச இணையத்தையும் அதுவே குடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். அப்போதும் 'காத்திருக்கிறது' என்றே காட்டியது. போன் இணையத்தில் பெரிய கோப்புகளை இறக்கக் கூடாது என்று லேப்டாப்பில் ஒரு செட்டிங் இருக்கிறது. அதைத் தேடி மாற்றினேன். பிறகு நகர்ந்தது.

"இன்னா தம்பி, பாட்டு வந்துச்சா?"

"வந்துகிட்டிருக்கு."

"வந்துகினு கீதா, வந்துட்ச்சா? விடுதி மேனேஜர் ரெண்டு தபா போன் போட்டுட்டாரு."

"அண்ணே, நீங்க ரோட்டைப் பாருங்க."

"நான் ரோட்டப் பாக்கறேன். நீ மொகத்தக் கொஞ்சம் சிரிச்சா மாதிரி வை. பின்னால கொயந்திங்க பயப்புடுது."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். தில்லானாவில் வரும் தாளச் சொற்கட்டு. சத்தமே வராமல் ஒத்திகை பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

முதல் பாட்டு வழியிலேயே இறங்கியது. சவுக்குத் தோப்புப் பக்கம் சிக்னல் போய், விடுதி வாசலில் திரும்ப வந்தது. விடுதியின் இணையம் அறை எண் கேட்டது. எங்களுக்கு அறை ஏது? இரண்டாவது பாட்டு மேடைக்குப் பக்கத்தில் வந்து முடிந்தது. இணையத்தை அணைத்துவிட்டு இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். ஓடின. மூன்றாவது முக்கால்வாசி வந்து, நின்று, பிழை என்று சொல்லி, மறுபடி முதலில் இருந்து தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். வந்திருந்த அம்மாக்கள் அப்பாக்கள் எல்லாரும் மகள்களைப் படமெடுத்து உடனுக்குடன் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த மூலையில் எட்டுகிற ஒரே செல்போன் கோபுரத்தின் இணையத்தை எல்லாரும் சேர்ந்து இழுத்தால் என் பாட்டுக்கு என்ன மிஞ்சும்?

"எல்லாரும் போனை அணைங்க! ஒருத்தர்கூட வீடியோ எடுக்கக் கூடாது!" என்று கத்தினேன். ஒரு பூக்கூடையை நீட்டி எல்லா போன்களையும் வாங்கி வைத்தேன். "யாருப்பா இவன், ஏர்போர்ட்டு போலீஸாட்டம்?" என்று ஒருவர் கேட்டார். கொடுத்தார்கள். திட்டிக்கொண்டே கொடுத்தார்கள்.

நிகழ்ச்சி தொடங்கியது. முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, தவறே இல்லை. மூன்றாவது பாதியில் ஊர்ந்துகொண்டிருந்தது. மேலாளர் என்னிடம் குனிந்து, "அடுத்தது இல்லைன்னா சொல்லிடுங்க, அடுத்த குழுவை ஏத்திடறோம்" என்றார். நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே எழுந்து, கைத்தாளத்தை எடுத்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், டாக்டர் சொன்னது..."

"டாக்டரா வந்து ஆடப் போறாரு? தள்ளு."

பாடினார். முதல் வரியிலேயே குரல் கரகரத்தது. மேல் ஸ்தாயியில் உடைந்தது. உடைந்த இடத்தை மறைக்க அவர் முயலவே இல்லை. தாளம் மட்டும் கல் மாதிரி நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஆடினார்கள். பதிவு செய்த பாட்டுக்கு அவர்கள் ஒரு நாளும் அப்படி ஆடியதில்லை. நடனம் தெரியாத எனக்கே அது தெரிந்தது.

பாட்டு நடுவில் இருக்கும்போது லேப்டாப்பில் மேகக் குறி மறைந்தது. முழுசாக வந்துவிட்டது.

சாவு வீட்டில் சார் கேட்ட கேள்விக்கான இடம் இதுதான். அடுத்த சொற்கட்டு தொடங்கும் இடத்தில் பதிவை ஓட்டினால் அவர் நிறுத்திக்கொள்ளலாம். அந்த இடம் எனக்கு மனப்பாடம். ஒலிபெருக்கி இணைந்திருந்தது, விரல் பொத்தான் மேல் இருந்தது. கட்டைவிரலை உயர்த்தி, வந்துவிட்டது என்று டீச்சருக்குக் காட்டினேன். அவர் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். தாளத்தை விடாமல், பாட்டை விடாமல், தலையை ஒரே ஒரு முறை இடமும் வலமும் அசைத்தார். அடுத்த சொற்கட்டைத் தானே தொடங்கினார்.

நான் போடவில்லை.

பருவம் முழுக்க மேடை நமக்கே கிடைத்தது, அது உங்களுக்குத் தெரியும். டீச்சருக்கு ஒரு மாதம் போல, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பிறகு பேச்சு திரும்பியது, பாட்டு திரும்பவில்லை. அவன் பாட்டைப் போட்டிருந்தால் அவர் குரல் தப்பியிருக்கும் என்று சிலர் பேசியது என் காதுக்கு வந்தது. டீச்சரிடமே கேட்டேன். "என் தொண்டையைப் பத்திப் பேச நீ யாரு, டாக்டரா? உனக்கு வேலை சொல்றேன், செய்" என்றார். சொன்ன வேலை இது: இனி எந்த நிகழ்ச்சியானாலும் முந்தின நாளே இணையத்தை அணைத்துவிட்டு, எல்லாப் பாட்டையும் முதலில் இருந்து கடைசி வரை ஓட்டிக் காட்ட வேண்டும். பெயரைக் காட்டினால் நம்ப மாட்டாராம். ஆயுத பூஜைக்கு மட்டும் அதற்கும் முந்தின நாள். பூஜையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

போன வாரம் சாரைப் பார்த்து இதையெல்லாம் சொன்னேன். "அவங்க வேணாம்னாங்க சார். அதான் போடல." "அவ என்கிட்ட மட்டும் என்னைக்கு வேணும்னு சொல்லியிருக்கா?" என்றார். சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று பாடியது யார் போனிலாவது இருக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். அத்தனை போனும் என் கூடையில் இருந்தன. அவர் கடைசியாகப் பாடியதற்கு எங்கேயும் பதிவு கிடையாது, தேட வேண்டாம்.

டீச்சரின் கணக்கை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். சென்னைப் பாடகி பாடிய தில்லானா எல்லாக் கருவிகளிலும் முழுசாக இருக்கிறது, பிள்ளைகள் அதற்கு ஆடட்டும். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் தலையசைப்பு மட்டும்.