அப்பச்சிக்கு வசு பதவி இல்லை

செத்துப்போனால் பதவி கிடைக்கும் என்பது எங்கள் வீட்டுக்கு வரும் சாத்திரிகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா வசு, தாத்தா ருத்திரர், பூட்டன் ஆதித்தர். வேதத்தில் தேவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வசுக்கள் எட்டு, ருத்திரர்கள் பதினொன்று, ஆதித்தர்கள் பன்னிரண்டு. ஆடி அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் விடும்போது நம் வீட்டுக் கிழவர்களை அந்தந்தக் கூட்டத்தில் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டுமாம். மகனும் செத்து மேலே போனால் வசுவுக்குப் பதவி உயர்வு, ருத்திரர் ஆகிவிடுவார். ஆதித்தருக்கு மேலே நாற்காலி கிடையாது, அவருக்கு ஓய்வு. எந்தச் சர்க்கார் ஆபீசும் இவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை.

இதில் என் வசு யார் என்பதுதான் தகராறு.

இருபத்து மூன்று வயதில் என்னைக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்குப் பிள்ளை கூட்டினார்கள்; தத்தெடுப்பதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அந்த வீட்டுக்காரர் என்னைப் பெற்ற அப்பச்சிக்குப் பங்காளி, அண்ணன் முறை. நான் பிறப்பதற்கு முன்பே பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்தவர். அவர் மனைவிக்கு வாரிசு தேவை, எங்களுக்கு வசதி தேவை. மஞ்சள் நீரைக் குடித்தேன், மகனானேன். அன்றிலிருந்து சுவரில் படமாகத் தொங்குகிற மீசைக்காரர் எனக்கு அப்பச்சி. சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் சித்தப்பா. முறை அப்படியாம்!

போன வருஷம் என்னைப் பெற்றவர் இறந்தார். கொள்ளி வைத்த தம்பி காரியம் முடிந்த கையோடு மெல்போர்னுக்கு விமானம் ஏறினான். ஆடி அமாவாசை வருகிறதே என்று போன் செய்தேன். "அண்ணே, எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை இல்ல. அன்னைக்கு மீட்டிங் வேற இருக்கு" என்றான். எனக்கு மட்டும் நம்பிக்கை கொட்டியா கிடக்கிறது? ஆனாலும் ஊரில் இருந்த அத்தனை கஞ்சனும் கோள்சொல்லியும் வசுவாகி உட்கார்ந்திருக்க, என் அப்பச்சி மட்டும் வாசலில் நிற்பதா? நானே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சாத்திரிகள் வந்து தர்ப்பையைப் பரப்பினார். "அப்பா பேர் சொல்லுங்கோ" என்றார். நான் என்னைப் பெற்றவர் பெயரைச் சொன்னேன்.

பின்னால் நாற்காலியில் இருந்தவர் ஆத்தா, என்னைப் பிள்ளை கூட்டிக்கொண்டவர். எண்பது தாண்டியும் பாம்புக் காது. "அது யாரு பேரு?" என்றார்.

சாத்திரிகள் கையை நிறுத்தினார். "அவர் உங்களுக்கு வசு ஆகமாட்டாரே. கூட்டிண்டவர்தான் வசு."

"அப்ப இவரு எங்க போவாரு?" என்றேன்.

"கடைசியில ஒரு கை எள்ளு இருக்கு. சித்தப்பா, மாமா, வாத்தியார், சிநேகிதாள்னு எல்லாருக்கும் பொதுவா விடறது. அதுல சேர்த்துடலாம்."

அதாவது, இதர வகை. எட்டே எட்டு வசுக்கள் இருக்கிற இடத்தில் உலகத்து அப்பன்மார் அத்தனை பேரும் எப்படி அடங்குகிறார்கள் என்று கேட்டேன். அதெல்லாம் அடங்குவார்களாம். என் அப்பச்சி ஒருவருக்குத்தான் இடம் போதாது!

"ஏன் சாமி நிப்பாட்டிட்டீக? நடத்துங்க" என்றார் ஆத்தா.

நடத்தினார். மீசைக்காரருக்கும் அவர் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் தண்ணீர் விட்டேன். மூன்று பேர் முகத்தையும் நான் நேரில் பார்த்ததில்லை. பிறகு அந்தக் கடைசிக் கை எள்ளு வந்தது.

"பேரும் உறவும் சொல்லுங்கோ."

பெயரைச் சொன்னேன். உறவு வாயில் வரவில்லை.

"சித்தப்பான்னு சொல்லுப்பு" என்றார் ஆத்தா. "அதுதான முறை."

நான் குடியிருப்பது அவர் வீடு. என் பிள்ளைகள் படித்தது அவர் தயவில். ஊர் நியாயமெல்லாம் பேசுகிற என் வாய் அங்கே நன்றாகவே அடங்கியது.

"சித்தப்பா" என்றேன். எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் இறங்கின.

பிள்ளை கூட்டிய நாளிலிருந்து ஊரே அந்த முறையைச் சொல்லிக்கொடுத்தது. திட்டியும் பார்த்தது. அவர் உயிரோடு இருந்த அத்தனை வருஷமும் ஒரு தடவைகூட நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.