சுவரில் தொங்கிய மாப்பிள்ளை

வரச்சொன்ன மாதத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே வீட்டுக்குப் போய் நின்றேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான். மற்ற எல்லாத் தப்பையும் என் வீட்டார் செய்தார்கள். கோபம் ஆறிய பிறகு இதை எழுதலாம் என்று இத்தனை வருஷம் காத்திருந்து பார்த்தாயிற்று, அது ஆறுகிற வழியாக இல்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவிலிருந்து கடல் தாண்டிப் போன முதல் பெண்பிள்ளை நான்தான். பக்கத்துக் கடையநல்லூரில் வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை அரபு நாட்டில் இருந்தான், அதை யாரும் ஒரு பேச்சாக எடுக்கவில்லை. நான் போனதுதான் பேச்சானது. தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்த அப்பா, “போயிட்டு வா மக்கா. ஊர் என்ன பேசினாலும் நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லித்தான் அனுப்பினார். செவ்வாய் தோஷ ஜாதகம் என்று அதற்குள் நாலைந்து இடம் தட்டிப்போயிருந்தது. எனக்குக் கீழே தங்கை ஒருத்தி, ஆறு வயது இளையவள்.

மூன்று வருஷம் ஊர்ப்பக்கம் வராமல் அங்கேயே கிடந்தேன். அம்மாவின் கடிதத்துக்குள் கோமதியம்மன் கோயில் புற்றுமண் ஒரு சின்னப் பொட்டலமாக மடித்து வரும். தங்கையின் கடிதம்தான் நீளம். ‘உன்னை விட்டால் எனக்கு யாரு இருக்கா அக்கா? உனக்கு ஒரு வழி பிறந்த பிறகுதான் எனக்கு’ என்று எழுதுவாள். அந்த வரியை ட்யூட்டி ரூமில் உட்கார்ந்து படித்துப் படித்துத் தாளே மடிப்பில் கிழிந்துவிட்டது. கடைசியாக வந்த கடிதத்தில் அம்மா, ‘நீ ஐப்பசியில் வந்தால் போதும், அவசரப்பட வேண்டாம்’ என்று எழுதியிருந்தாள். மூன்று வருஷம் பார்க்காத பிள்ளையைப் பையப் பைய வா என்று எந்தத் தாயாவது சொல்லுவாளா? எனக்கு உறைக்கவில்லை. என் அலைச்சலை நினைத்துச் சொல்கிறாள் என்று இருந்துவிட்டேன், மடச்சி.

எனக்குப் பதிலாக வார்டைப் பார்க்க வேண்டிய நர்ஸ் சீக்கிரமே வந்து சேர்ந்ததால் ஆவணியிலேயே லீவு கிடைத்தது. கடிதம் போட்டால் அதற்கு முன்னால் நானே போய்ச் சேர்ந்துவிடுவேன். தந்தி கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. திடுதிப்பென்று வாசலில் போய் நின்று மூன்று பேர் முகத்தையும் பார்க்க வேண்டும் என்று ஆசை.

திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாகத் தென்காசி வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். அதில் வந்த ஒருவர் கடையநல்லூரில் பெட்டியும் படுக்கையுமாக இறங்கினார். அவரை அழைக்க ஒரு கூட்டமே நின்றது. அவரை அடையாளம் தெரியாத சின்னப் பிள்ளை ஒன்று தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. பார்த்த எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நமக்கும் இதுதான் என்று நினைத்தேன்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் பெட்டிகளை எங்கள் வாசலில் இறக்கினார். பெரிய கோலம், மாவிலைத் தோரணம், நடை நிறையச் செருப்பு, உள்ளேயிருந்து சிரிப்பு. எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நான் வருவது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று!

உள்ளே போனேன். ஜமுக்காளத்தில் நான் பார்த்தே இராத பத்துப் பேர். நடுவில் தாம்பாளங்களில் பழம், பூ, பட்டுச்சேலை. தலை நிறையப் பூவோடு என் தங்கை. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தம் இல்லை. காப்பித் தட்டோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். நிச்சயதாம்பூலம். என் தங்கைக்கு நிச்சயதாம்பூலம், எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

கூட்டத்தில் பெரியவளாக இருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்து வாயெல்லாம் சிரித்தாள். மாப்பிள்ளையின் தாயார் அவள், அம்பாசமுத்திரத்துக்காரி.

“ஆத்தாடி, மூத்த பிள்ளைல்லா வந்திருக்கு! போட்டோவில பாத்த மாதிரியே இருக்கே. வாம்மா வா. மாப்பிள்ளை வரலியா?”

எந்த மாப்பிள்ளை என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

“மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கல மதினி. இவளை மட்டும் அனுப்பி வச்சிருக்காவ.”

பொய் சொன்னால் பிடிக்காது என்று எங்களைப் பிரம்பால் அடித்து வளர்த்த மனுஷன். நாக்கு குழறவே இல்லை.

நான் சுவரைப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரர். ஓணத்துக்கு எடுத்து, நான் ஆசையாக வீட்டுக்கு அனுப்பிய படம் அது. பதினாலு பேர் நின்ற படத்தில் பன்னிரண்டு பேரை வெட்டி எறிந்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் மட்டும் பெரிதுபடுத்திச் சட்டம் போட்டிருந்தார்கள். அந்த மனுஷர் பாவம், மலையாளி. அவர் பிள்ளை பிறந்தநாளுக்கு அவர் சம்சாரம் வைத்த பாயசம் குடித்திருக்கிறேன். அவரைப் பிடித்து எனக்குப் புருஷனாக்கி ஆணியில் மாட்டிவிட்டார்கள்.

அம்மா என் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“என்னட்டி இப்படிச் சொல்லாம கொள்ளாம வந்து நிக்கே!”

மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

“அந்தப் படம் என்னம்மா?”

“மெதுவாப் பேசு. கேட்டு வார எடமெல்லாம் மூத்தவளுக்கு ஆயிட்டான்னுதான் கேக்காவ. மூத்தவளை வச்சுக்கிட்டு இளையவளைக் குடுக்கதுக்கு நம்ம சாதிசனம் விடுமா? அதான், மஸ்கட்டுலயே சிவன் கோயில்ல வச்சு உனக்கு முடிஞ்சிட்டு, மாப்பிள்ளையும் அங்கனயே வேலை பாக்காவன்னு சொல்லிட்டோம்.”

“யாரைக் கேட்டுச் சொன்னிய?”

“கேட்டா நீ சம்மதிப்பியா?”

“கல்யாணம் என்னைக்கு?”

“வார புதன்கிழமை.”

ஐப்பசிக்கு வா என்றதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. என் கூடப் பிறந்தவள் கல்யாணத்தை நான் இல்லாமல் முடித்துவிட்டு, பிறகு எனக்குச் சொல்லத் திட்டம்.

அம்மா நிற்கவில்லை. அஞ்சறைப்பெட்டியைத் திறந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்தாள். பூஜை மாடத்தில் இருந்த மஞ்சள் கயிற்றில் அதை வைத்துக் கட்டினாள். “கழுத்து வெறுமனே கெடக்கு. அந்தம்மா கண்ணு மொதல்ல அங்கதான் போகும். கட்டிக்கோ. நாலு நாளுதானே.”

“உனக்குக் கூசலியாம்மா?”

“எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது. அவளுக்கும் இருபத்தி மூணு முடிஞ்சிட்டுல்லா. நான் என்ன செய்ய?”

நான் ஒரு சத்தம் போட்டால் போதும், அந்தப் பத்துப் பேரும் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் போய்விடுவார்கள். கட்டிக்கொண்டால் இந்தச் சீமையில் நான் கல்யாணம் ஆனவள். “இதைக் கட்டினா என் கதை முடிஞ்சுதும்மா. இனி எனக்கு யாரு மாப்பிள்ளை பாப்பாவ?” என்றேன்.

அம்மா கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “பாத்த வரைக்கும் எது அமைஞ்சுது?”

நான் விமானம் ஏறிய அன்றைக்கே இவர்கள் என்னைக் கைகழுவியிருந்தார்கள் போல. அது தெரியாமல் அங்கே நான் ஐப்பசியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தங்கை உள்ளே வந்தாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. இவளுக்குத் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தாலும் இப்போது வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லுவாள், எனக்கு அது போதும், சொன்ன பிறகு நானாகவே கட்டிக்கொள்கிறேன் என்றுகூட நினைத்தேன்.

“ஸ்டுடியோவுக்கு யாருட்டி போனது?” என்று அவளைக் கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்தாள். “நான்தாங்கா.” கொஞ்சம் பொறுத்து, “அவங்க அம்மா உன்னைக் கூப்பிடுதாவ. கட்டிக்கோயேங்கா” என்றாள்.

நான் திரும்பி நின்று கழுத்தைக் கொடுத்தேன். மூன்று முடிச்சையும் என் தங்கைதான் போட்டாள். அவள் விரல் சில்லென்று இருந்தது. பின்கழுத்தில் இரண்டு சொட்டு விழுந்தது. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே போனதும் மாப்பிள்ளையின் தாயார் என்னைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டாள். மஞ்சள் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, “பொன்னுல போட்டுக்கலியாம்மா?” என்றாள். ஆஸ்பத்திரியில் சங்கிலி போடக்கூடாது என்று சொன்னேன். பொய் சொல்வது எவ்வளவு லேசு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். “அங்க நல்லா இருக்கியாம்மா? மெலிஞ்சுல்லா தெரியுதே” என்றாள் அவள். நான் நன்றாக இருக்கிறேனா என்று அன்றைக்கு அந்த வீட்டில் கேட்டது அந்த அம்மாள் ஒருத்திதான்.

புதன்கிழமை கல்யாணம் நடந்தது. தாலித் தட்டைச் சபையில் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்கிவர ஒரு சுமங்கலி வேண்டும் என்றார்கள். கூடப் பிறந்தவளே இருக்கும்போது வேறு யாரு என்று என் கையில் கொடுத்தார்கள். கொடுமையே! வரிசை வரிசையாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

லீவு முடியும் வரை நான் இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா வந்தார். அத்தனை நாளும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஊர் என்ன பேசினாலும் நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னியளேப்பா, இப்படித்தான் பாத்துக்கிட்டியளா?” என்றேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பஸ் கிளம்பும்போது, “போய்ச் சேந்ததும் கடுதாசி போடு” என்றார்.

செங்கோட்டை தாண்டியதும் கயிற்றைக் கழற்றப் பார்த்தேன். முடிச்சு இறுகிக் கிடந்தது, கத்திரியை எடுத்து அறுத்தேன். கழுத்தில் மஞ்சள் கறை போகவில்லை. ட்யூட்டியில் ஒரு வாரம் காலரை ஏற்றிவிட்டுக்கொண்டு திரிந்தேன். எக்ஸ்ரே ரூம் பக்கம் போகவே வெட்கமாக இருந்தது.

அடுத்த வருஷம் தங்கைக்கு வளைகாப்பு என்று அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது, புற்றுமண் பொட்டலத்தோடு. அவள் வயிற்றுப் பிள்ளை என்றதும் எனக்குக் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கடிதத்தைப் பாதி படிக்கும்போதே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். மீதியைப் பிறகுதான் படித்தேன். ‘நீ மட்டும் தனியாக வந்து நின்றால் சம்பந்தி வீட்டில் ஏதாவது நினைப்பார்கள். போன தடவையே எல்லாரும் கேட்டாயிற்று. வந்தால் இரண்டு பேருமாக வா. இல்லாவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.’

இரண்டு பேருமாக! பிறக்காத ஒருத்தனோடு வந்தால்தான் நான் பிறந்த வீட்டுக்குள் எனக்கு இடம். லீவு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். ஏரோகிராம் ஒன்றை எடுத்து அப்பா பெயருக்கு எழுதினேன்:

‘மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் நானும் வரவில்லை.’