டோவியின் தலைமாடு

எங்கள் டென்னஸி மலையில் ஆர்ஃபாவைப் போல் பிடிவாதக்காரி கிடையாது. நாற்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். எழுபத்தொரு வயதிலும் கல்லறைத் தோட்டத்துப் புல் முழுவதையும் அவள்தான் வெட்டுகிறாள். பக்கத்து வீட்டுக்காரியான நான் மெஷினைத் தொட்டால்கூடக் கடித்துவிடுவாள்.

ஜூன் மாதப் பூ ஞாயிறு வந்துவிட்டால் ஊரே கல்லறைத் தோட்டத்தில்தான். மெழுகில் தோய்த்த காகிதப் பூக்களை வைப்போம், பாடுவோம், நீள மேசை போட்டுப் பொரித்த கோழியை ஒரு கை பார்ப்போம். ஆர்ஃபா மட்டும், தன்னோடு இரட்டையாய்ப் பிறந்து மூன்றாம் நாளே போய்விட்ட தங்கை டோவியின் பெயரில்லாத கல்லுக்குப் பூ வைக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். தான் போனால் படுக்க, அந்தக் கல்லின் பக்கத்திலேயே குச்சி நட்டு இடம் பிடித்திருக்கிறாள்.

தோட்டத்துக்கு இந்த வருடம் நூற்றைம்பது வயது. பெயரில்லாத குழிகளுக்கெல்லாம் விழாவில் பெயர்க்கல் வைக்க முடிவாயிற்று. ஆனால் கீழே குழி இருப்பது உறுதியானால்தான் கல். பூ ஞாயிறு காலையில், ஆர்ஃபாவின் பஸ்ஸில் ஏறி வளர்ந்த வெர்லின், டோவியின் கல்லுக்குக் கிழக்கே இரும்புக் கம்பியைக் குத்தினான். இறங்கவில்லை.

"இங்க குழியே வெட்டல அத்தை. மண்ணு கெட்டியா இருக்கு."

ஆர்ஃபா பூவும் கையுமாக நின்றாள். "அப்ப இத்தனை வருஷமா நான் யாருக்குடா பூ வெச்சேன்?"

அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வெர்லினைத் திட்ட வாயெடுத்தபோதுதான் பொறி தட்டியது. எங்கள் ஊரில் கிழக்கே கால் நீட்டித்தான் புதைப்பார்கள். கடைசி நாளில் எழுந்தால் சூரியன் முகத்தில் படவேண்டும். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல்.

"அட மடையா! இது கால்மாட்டுக் கல்லா இருந்தா? அந்தப் பக்கம் குத்துடா!"

மேற்கே குத்தினான். கம்பி சுலபமாக இறங்கியது. இரண்டடி தள்ளிக் குத்தியபோது கல்லில் இடித்தது. புல்லை உரித்துப் பார்த்தால், மண்ணுக்குள் அமுங்கிப்போன இன்னொரு கல். அதில் அவள் அப்பா ஆணியால் கீறிய எழுத்து: டோவி.

ஆர்ஃபா ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏண்டி, வருஷா வருஷம் உன் காலுக்கா கிச்சுகிச்சு மூட்டிட்டிருந்தேன்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கோ கண் கலங்கியது. ஆர்ஃபா பூவைத் தலைமாட்டில் வைத்தாள். பிறகு தன் குச்சியைப் பிடுங்கி, இரண்டடி மேற்கே தள்ளி, புதிதாய்க் கண்ட கல்லின் பக்கத்தில் நட்டாள்.

"தலைக்குப் பக்கத்துல தலை இருந்தாத்தானே பேச முடியும்?" என்றாள். அப்புறம்தான் கோழித் தட்டைக் கேட்டாள்.