கடைசிப் பஸ்ஸும் காயப்போட்ட சீட்டும்

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அவருக்குக் கரண்ட் பில்லில் மட்டும்தான் பயன்பட்டது. தெருவில் அவர் கடைசிப் பஸ். அமரர் ஊர்தி ஓட்டுகிறவருக்கு இந்தப் பட்டத்தை முதலில் சூட்டியது யாரென்று தெரியாது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. "பொண வண்டின்னு சொல்லாம பஸ்ஸுன்னு சொன்னாங்களே, அதுவே மரியாதைதான்" என்பார்.

அதற்கு முன் சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் உட்கார்ந்தவர்கள் ஏசி போதவில்லை, பாட்டு சரியில்லை, இங்கே ஏன் நிறுத்தவில்லை, அங்கே ஏன் நிறுத்தினாய் என்று அவருடைய பிடரியிடமே வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். ஒரு மலைப்பாதையில் ஒரு குடும்பம் மொத்தமும் ஆளுக்கொரு வளைவில் வாந்தி எடுத்தது. வண்டியைக் கழுவி முடித்த கையோடு வேலையை விட்டுவிட்டு வந்தார். ஊர்தி வேலை கிடைத்த முதல் வாரத்திலேயே மனைவியிடம் சொன்னார்: "இப்ப வர்றவங்க எல்லாம் தங்கமானவங்க. ஏறினதும் தெரியலை, இறங்கினதும் தெரியலை."

வண்டி முதலாளியுடையது. அவரிடம் இடமில்லாததால் கடைசிப் பஸ்ஸின் வீட்டு வாசலில் நிற்கும். நல்ல கறுப்பு. இரண்டு பக்கமும் நீளக் கண்ணாடி, நடுவில் ஆளைக் கிடத்தும் ஸ்டீல் தட்டு, உறவினர்கள் உட்கார ஓரமாக ஒரு பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழுவுவார். கழுவுவதை யாரும் குறை சொல்ல முடியாது, பாத்திரம் கழுவுகிற வேகத்தில் முடித்துவிடுவார். அதற்குப் பிறகு துடைக்க ஆரம்பிப்பார் பாருங்கள், அதற்குத்தான் அரைநாள் போகும்.

அந்த வெறி பிடித்ததற்கு ஒரு சம்பவம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வண்டியைக் கழுவி அப்படியே ஓட்டிக்கொண்டு போய் ஒரு பெரிய வீட்டு முன் நிறுத்தினார். பெரியவரைத் தூக்கி வந்து ஏற்றும் நேரத்தில், பின்கதவுக்கு மேலே இருந்த தகரப் பள்ளத்தில் தேங்கி நின்ற தண்ணீர் ஒரே ஒரு சொட்டாக இறங்கி, அவருடைய கண்ணுக்குக் கீழே சரியாக விழுந்து கன்னத்தில் வழிந்தது.

"அப்பா அழறாரு" என்றாள் மகள்.

அவ்வளவுதான். பெரிய மகன், தம்பி சொத்துக் கேட்டு அடம் பிடித்ததால்தான் அப்பா அழுகிறார் என்றான். சின்ன மகன், அண்ணன் கொடுக்க மறுத்ததால்தான் அழுகிறார் என்றான். உயிர் இருக்கிறதோ என்று ஒரு மாமா சந்தேகப்பட, டாக்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்ததையே இன்னொரு தடவை சொன்னார். கடைசிப் பஸ்ஸுக்கு மட்டும் காரணம் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவரையும் அதே வண்டியில் ஏற்றியிருப்பார்கள்.

அன்றிலிருந்து அவர் வண்டியில் ஒரு சொட்டு தங்கக் கூடாது. கூரையில் ஆரம்பித்துக் கீழே வருவார். முதலில் ரப்பர் பட்டையால் தண்ணீரை வழித்துத் தள்ளுவார். பிறகு துண்டு. புதுத் துண்டு தண்ணீரை அங்கும் இங்கும் தடவிவிடுமே தவிர குடிக்காது என்பதால், பழசாகி நூல் தளர்ந்த துண்டுகளாகத் தேடுவார். வீட்டில் அந்தப் பதத்துக்கு வந்த துண்டு எதுவும் குளியலறைக்குத் திரும்பியதில்லை. "இந்த வீட்டுல தலை துவட்டணும்னா நானும் கறுப்பு பெயின்ட் அடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கணும்" என்று அவர் மனைவி சொல்வார். அந்த அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தார். நாக்கும் ஊசி மாதிரிதான். துண்டு நுழையாத கதவு ரப்பர், கண்ணாடி இடுக்கு, நம்பர் பிளேட்டின் பின்பக்கம் இதற்கெல்லாம் மனைவியின் ஹேர் டிரையர் வரும். உள்ளே காய்வதற்கு ஹாலில் இருக்கும் ஸ்டாண்டு ஃபேன் வாசலுக்கு வரும்.

"ஏம்ப்பா, பொணத்துக்கு வேர்க்குதா?" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் கேட்கும்.

எதிர்வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். 'நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா?' என்று ஆரம்பித்துத்தான் அவர் பிழைப்பே நடக்கும். ஆட்களை வீட்டுக்கு வரவழைத்து, உட்கார வைத்து, உருக்கமாக அந்தக் கேள்வியைக் கேட்டதும், அவர்கள் ஜன்னல் வழியே பார்ப்பார்கள். எதிரே கறுப்பு வண்டி, கதவு திறந்து, ஃபேன் ஓடியபடி தயாராக நிற்கும். ஏதோ ஏற்பாட்டோடுதான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்து எழுந்து போய்விடுவார்கள். வண்டியை வேறு தெருவில் நிறுத்தச் சொல்லி அவர் சண்டை போடாத மாதம் இல்லை.

"உங்க வியாபாரத்துக்கு நான் விளம்பரம்தானே சார்?" என்பார் கடைசிப் பஸ்.

"நீ விளம்பரம் இல்லய்யா, கிளைமாக்ஸு. கிளைமாக்ஸை முதல்லயே காட்டினா எவன் டிக்கெட் எடுப்பான்?"

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டிக்குள் தரையில் விரித்திருந்த மேட் நாற்றமடிக்கிறது, அதை உருவ வேண்டும் என்று கடைசிப் பஸ் முன்பக்க சீட்டைக் கழற்றி மாடியில் வெயிலில் வைத்தார். பின்பக்கப் பெஞ்சையும் போல்ட் கழற்றி எடுத்து மதில்மேல் சாய்த்தார். டிரைவர் சீட்டைத் தவிர வண்டி வழித்துத் துடைத்த சட்டி மாதிரி இருந்தது. வெளியே கூரையை மட்டும் முடித்திருந்தார். பக்கவாட்டிலெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

அப்போதுதான் இன்சூரன்ஸ்காரரின் மனைவி செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"அண்ணே, அவரு தரையில உருள்றாரு. கிட்னில கல்லுன்னு போன மாசமே டாக்டர் சொன்னாரு, கேக்கலை. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணா பாலத்துல ஜாமாம். எங்க கார் ஒர்க் ஷாப்புல நிக்குது."

கடைசிப் பஸ் துண்டும் கையுமாக நின்றார். இந்த வண்டியில் உயிரோடு ஒருவரைப் படுக்க வைப்பது அவருக்கு என்னவோ போல் இருந்தது. "சீட்டை மாட்டிடறேன்" என்று மாடிப்படியைப் பார்த்தார்.

"நீங்க சீட்டை மாட்டி முடிக்கறதுக்குள்ள அவரு உங்களோட நிஜக் கஸ்டமர் ஆயிடுவாரு" என்றார் தையல்கார மனைவி. "ஏத்துங்க. அக்கா, நீங்க இதுல உக்காருங்க" என்று வண்டி கழுவிய வாளியைக் கவிழ்த்து உள்ளே வைத்தார்.

இன்சூரன்ஸ்காரர் வலியில் வில்லாக வளைந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் வலி மறந்து நிமிர்ந்தார்.

"இதுல மாட்டேன்."

"சும்மா படுங்க" என்றார் அவர் மனைவி.

ஸ்டீல் தட்டு குளிர்ந்தது. காய்ந்த பெரிய வெள்ளைத் துண்டு ஒன்றைத் தையல்கார அம்மா அவர்மேல் போர்த்திவிட்டார். வண்டி கிளம்பியது. கண்ணாடி வழியே கடைவீதி முழுக்கத் தெரிந்த முகங்கள். தன்னைப் பார்த்துவிடுவார்களே என்று இன்சூரன்ஸ்காரர் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அதைவிடப் பெரிய தப்பு வேறு கிடையாது. வாளிமேல் உட்கார்ந்து அழுதுகொண்டு வரும் அவர் மனைவியைப் பார்த்தார்கள், முகம் மூடிய உருவத்தைப் பார்த்தார்கள். ஸ்கூட்டரில் போனவர் ஓரமாக நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். சிக்னலில் நின்ற போலீஸ்காரர் இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டு இவர்களை அனுப்பினார். இத்தனை மரியாதையை அந்த மனுஷன் ஆயுசில் கண்டதில்லை, அன்றும் காணவில்லை. துண்டுக்குள் இருந்தார்.

"யோவ், என்னய்யா வேகம் இது? ஊர்வலமா போறோம்?" என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

கடைசிப் பஸ்ஸுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. பின்னாலிருந்து யாராவது பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கீழே பார்த்தால் முள் இருபதில் நின்றது. கால் பழக்கத்தில் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது கியரைத் தேடிப் பிடித்து ஒரு மிதி மிதித்தார். வண்டியின் உடம்பில் நின்ற தண்ணீரெல்லாம் பின்னால் கோடு கோடாக ஓடியது. அதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்ததும் அவர் கை தானாகத் துண்டைத் தேடியது. பின்னால் முனகல் நின்றதும் தலையைத் திருப்பினார்.

"சார், பேசிட்டே வாங்க."

"என்னத்தைப் பேச?"

"திட்டுங்க சார். வழக்கமா திட்டுவீங்களே."

இன்சூரன்ஸ்காரர் திட்ட ஆரம்பித்தார். வண்டியை, ஃபேனை, ஹேர் டிரையரை, முதலாளியை, தன் சிறுநீரகத்தை, கல்லை. சுற்றுலா வேனில் கேட்ட அத்தனை வசவும் இதற்கு முன்னால் தாலாட்டு. கடைசிப் பஸ் நிம்மதியாக ஓட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி நாற்காலியை விட்டு எழவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"பிணவறை பின்பக்கம். சுத்திப் போங்க."

"இல்லண்ணே, எமர்ஜென்சிக்கு."

"இனிமே என்ன எமர்ஜென்சி?"

துண்டை விலக்கிக்கொண்டு இன்சூரன்ஸ்காரர் எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளிறி, தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. "டேய், நான் இன்னும் போகலைடா" என்றார்.

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் அந்த வாசலில் எவ்வளவோ பார்த்தவர்.

"அப்ப நேரா போய் இடது பக்கம்" என்றார்.

ஊசி போட்டு, கல்லை உடைத்து எடுத்து, மறுநாள் ஆளை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் வாசலில் கூட்டம். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அவரே கதவைத் திறந்தார். சிலருக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஒருவர் மட்டும், நல்ல வேளை என்று சொன்ன மூச்சோடு, 'என் பாலிசியை அடுத்து யார் பாப்பாங்கன்னு கேட்டு வெச்சிருந்தேன்' என்றார். இன்சூரன்ஸ்காரர் அவருக்குக் காபி கொடுக்கவில்லை.

கடைசிப் பஸ்ஸுக்கு வேறு விதத்தில் திட்டு கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஒரு வேலைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. ஓட்டத்தில் காற்றில் காய்ந்த வண்டி, கறுப்பு உடம்பெல்லாம் தேமல் வந்த மாதிரி நின்றது. முதலாளி அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வண்டியா இது? வரிக்குதிரையா?"

"ஒரு சவாரி வந்துடுச்சு, முதலாளி."

"எறக்கியாச்சா?"

"அவரே எறங்கிட்டாரு."

முதலாளி இரண்டடி பின்னால் நகர்ந்தார். கொஞ்ச நாள் அவர் பக்கத்தில் தனியாக நிற்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பஸ் போல்ட் சாவியை எடுத்துக்கொண்டு முன்கதவைத் திறந்தார். எதிர்வீட்டுக் கேட் திறந்தது. இன்சூரன்ஸ்காரர் லுங்கியோடு வந்து நின்றார்.

"முன் சீட்டைக் கழட்டறதா இருந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கழட்டு."

"சரி சார்."

"சைடுல பாரு, தண்ணி நிக்குது. காஞ்சா திட்டு திட்டா ஆயிடும்."

"துண்டு ஊறிப்போய் இருக்கு சார். பிழியணும். ஒரு முனையைப் பிடிக்கிறீங்களா?"

இன்சூரன்ஸ்காரர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பிடித்தார். இருவரும் பலங்கொண்ட மட்டும் முறுக்கினார்கள். ஒரு சொட்டு விழவில்லை. துண்டு அவர்கள் நடுவில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே பக்கமா முறுக்கினா எப்படிப் பிழியும்?" என்றார் தையல்கார அம்மா, மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"நீ மாத்துய்யா" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"நீங்க மாத்துங்க சார். என் துண்டு."