அத்தைக்கு வாசிக்காத ராகம்

எங்கள் ஊர்க் கோவிலில் ஜெர்மன் ராகங்களுக்குத் தனி மரியாதை. லுத்தரன் மிஷனரிகள் கப்பலேற்றிக் கொண்டுவந்தவை. கைமாறிக் கைமாறிச் சாத்தான்குளம் பக்கம் வந்து சேர்ந்திருந்தன. அடிகளின் அளவு ஒத்துப்போனால் எந்த ஞானப்பாட்டையும் எந்த ராகத்திலும் பாடிவிடலாம். ஒரு ராகத்தை மட்டும் அடக்க ஆராதனை தவிர வேறெதற்கும் தொடமாட்டார்கள். சவப்பெட்டி உள்ளே வரும்போது என் பெரியப்பா ஆர்கனை மிதித்து அதை வாசித்தால், சும்மா தலைகாட்ட வந்தவர்களும் அழுதுவிடுவார்கள்.

அந்த ராகம் என் அத்தைக்குக் கிடைக்கவில்லை. திரேஸ்புரத்துக் கத்தோலிக்கர் ஒருவரைக் கட்டிக்கொண்டதற்காகச் சபையிலிருந்து நீக்கியிருந்தார்கள். செத்த பிறகும் விடவில்லை. மணி இல்லை, ஆர்கன் இல்லை. கல்லறைத் தோட்டத்து மூலையில் புதைத்தார்கள். கூடப்பிறந்த தங்கைக்கு வாசிக்க முடியாமல் பெரியப்பா கைகட்டி நின்றாராம். நான் அப்போது கைக்குழந்தை. அம்மா வெகுகாலம் கழித்துத்தான் இதைச் சொன்னாள். என்ன சபையோ, என்ன நீதியோ!

அத்தை மகள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அந்த அக்காவின் கல்யாணம் அதே கோவிலில் நடந்தது. எனக்கு எட்டு வயது. பாடகர் குழுவில் முன்வரிசை. குருவானவர் கல்யாணப் பாட்டை அறிவித்தார். பெரியப்பா வாசிக்க ஆரம்பித்தார். ஐயையோ, அடக்க ராகம்!

ஆரம்பித்த பாட்டை நடுவில் நிறுத்தும் வழக்கம் எங்களிடம் கிடையாது. மணமக்களை வாழ்த்தும் வரிகளை எல்லோரும் அந்த இழுவையிலேயே பாடித் தொலைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா மட்டும் கண்ணீர் வழிய, தொண்டை திறந்து பாடினாள். எனக்கோ மானம் போயிற்று.

ஆராதனை முடிந்ததும் கமிட்டிப் பெரியவர் ஒருவர் ஆர்கன் பக்கம் வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, கல்யாணத்துல போயி எழவு ராகத்த வாசிக்கிய?"

"வயசாயிட்டுல்லா. ராகம் மாறிப்போச்சு."

"அப்பம் இனிமே நீங்க வாசிக்காண்டாம். சாவியத் தாங்க."

பெரியப்பா ஆர்கன் சாவியைக் கொடுத்தார். வாலிபத்திலிருந்து அவர் உட்கார்ந்த இடம் அது. அடுத்த ஞாயிறே கீபோர்டும் ஒரு பையனும் வந்துவிட்டார்கள்.

அன்று பெரியவர் போனபின் அக்கா மாலையும் கழுத்துமாகப் பெரியப்பாவிடம் வந்தாள்.

"மாமா, ஒரு சரணமும் விடலியே?"

"ஒண்ணும் விடல, மக்கா. முழுசா வாசிச்சிட்டேன்."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. தப்பான ராகத்தை முழுசாக வாசித்ததில் அப்படி என்ன பெருமை என்று நினைத்துக்கொண்டு பந்திக்கு ஓடினேன்.