ரோடு திரும்பிய மூலை

புதுத் துறைமுகத்துக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்த எழுபதுகளில், தூத்துக்குடியில் ஓர் இன்ஜினியரிடம் பிளான் வரையும் வேலையில் இருந்தேன். கடலோரக் குடிசைகளின் நடுவே ரோடு போவதாக இருந்தது. அங்கிருப்பவர்களை மாப்பிள்ளையூரணிக்கு அப்பால் ஒரு பொட்டலில் குடிவைக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள்.

மில்லர்புரத்தில் நான் தங்கியிருந்த தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவுக்கு வீடு அந்தக் குடிசைகளில்தான். ஒருநாள் கூடையை இறக்காமலே கேட்டாள்.

"தம்பி, போக மாட்டோம்னா ஒருத்தனும் காதுல வாங்க மாட்டேங்கான். ரோடு இப்படிப் போனா என்னன்னு தாள்ல போட்டுக் காட்டணும். நீங்க போட்டுத் தருவீகளா?"

"அளந்தாத்தான் போட முடியும்க்கா."

"அளப்போம்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அளந்தோம். கடலுக்குப் போகும் வல்லங்களைக் கட்டும் கயிற்றில் முடிச்சுப் போட்டு ஒரு முனையை அவளே பிடித்தாள். முதல் வாரம் சிரித்த ஆண்கள் அடுத்த வாரம் மறுமுனையைப் பிடித்தார்கள். நல்ல தண்ணீர்க் கிணறு, வலை காயும் இடம், வல்லம் கரையேறும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கைவிட்ட உப்பளத்தின் வரப்போரமாக ரோட்டை ஒதுக்கினால் அத்தனையும் தப்பிவிடும்.

ஆனால் ரோடு வளையும் மூலையில் லாரி திரும்ப இடம் வேண்டும். அதற்கு நாலு வீடு போகும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்த நாலில் ஒன்று அவளுடையது.

தாளை விரித்துக் காட்டினேன். தன் வீட்டின் மேல் விரலை வைத்தாள்.

"லாரி திரும்ப இம்புட்டு இடமா வேணும்?"

"வேணும்க்கா."

"மத்த மூணு வீட்டுலயும் நான் பேசுதேன். நீங்க கோட்டைப் போடுங்க."

மை தொட்டுப் போட்டேன்.

துறைமுக அலுவலகத்தில் அதிகாரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் அளந்தது?" என்றார். "நாங்கதான் அய்யா" என்றாள் அவள். சில மாதங்கள் கழித்து, சிறு மாற்றங்களோடு அதையே ஏற்றுக்கொண்டார்கள். குடிசைகளில் வேட்டுப் போட்டுக் கொண்டாடினார்கள். எனக்கு ஒரு பெரிய சீலா மீன் வந்தது. சமைத்துச் சாப்பிட்டேன்.

நாலு வீட்டையும் பிரித்த காலையில் போய் நின்றேன். அவள் மாதா படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் போனேன்.

"சோலி கெடக்குமே, போங்க தம்பி" என்றாள்.

போனேன். அன்று முழுக்க யாருடைய வீட்டுக்கோ மாடிப்படி வரைந்தேன்.

நாலு வீட்டுக்காரர்களுக்கும் மாப்பிள்ளையூரணிக்கு அப்பால் அந்தப் பொட்டலில்தான் இடம் கொடுத்தார்கள். அவள் எங்கள் தெருவுக்கு வருவது நின்றது. ஒரு வருடம் கழித்துக் கரையில் பார்த்தேன். வல்லம் வரக் காத்திருந்தாள். கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்தாள். பிறகு, "அங்கன தண்ணி ஒரே உப்பு தம்பி. கிணறு எங்கன தோண்டலாம்னு ஒருநா வந்து பாருங்களேன்" என்றாள்.

வருகிறேன் என்றேன். போகவில்லை.