புகைக்குப் படுத்தவர்கள்

பிரான்சின் பிரெத்தான் கரையில் கடற்பாசியை எரித்து அந்தச் சாம்பலை விற்றுப் பிழைக்கிறவர்கள் புகையிலேயே பிறந்து புகையிலேயே வளர்கிறவர்கள். மணலில் நீளக் குழி வெட்டி, கல் பதித்து, காய்ந்த பாசியை நாள் முழுக்க எரிப்பார்கள். காற்று சட்டென்று திரும்பினால் புகை ஆளை அமுக்கிவிடும். அப்போது குப்புற விழுந்து மூக்கை மணலோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். புகை மேலே போகும், தரையோரம் மூச்சு கிடைக்கும். நடை பழகும் முன்பே பிள்ளைகள் இதைப் பழகிவிடும். குழிக்குப் பொறுப்பானவர் மட்டும் எல்லாரும் படுத்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியில்தான் படுப்பார். கூல்வென் அப்படிப் பொறுப்பானவர்.

1914இல் யுத்தம் வந்தபோது அவருக்கு நாற்பது வயது. அந்த வயதுக்காரர்களுக்கென்று இருந்த பின்னணிப் படையில் ஊர் ஆட்களெல்லாம் ஒரே அணியில் சேர்ந்தார்கள். கூல்வென் அவர்களுக்குக் கார்ப்பரல். தங்கை சோவாசிக்கின் கணவன் ஜோபிக்கும் அதே அணிதான். ரயிலடியில் தங்கை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இந்த மனுசன் பாதிரியார் சொன்னாலும் கேக்க மாட்டாரு, நான் சொன்னாலும் கேக்க மாட்டாரு. உங்க பேச்சையாவது கேக்க வெச்சு, உசுரோட கூட்டியாந்துருங்க."

"ஆமா, உங்கண்ணன் சொல்லிட்டா அப்படியே கேட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பேன்" என்று ஜோபிக் சிரித்தான்.

அந்த ஆகஸ்டில் இளவட்டங்கள் சிவப்புக் கால்சட்டையோடு வயல்வெளியில் வரிசையாக ஓடினார்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கிகள் காத்திருந்தன. கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். இத்தனை பேர் செத்த பிறகுதான் கால்சட்டையின் நிறம் தவறு என்று பெரிய தலைகளுக்கு உறைத்தது. உடுப்பை மாற்றினார்கள், பதுங்குகுழி தோண்டச் சொன்னார்கள். குழி தோண்டியதும் அதைப் பிளக்கப் பெரிய பீரங்கிகள் வந்தன. ஆள் கற்றுக்கொள்வதற்குள் யுத்தம் அடுத்த பாடத்துக்குப் போய்விடும்.

மறு வருடம் ஏப்ரலில் அவர்கள் பெல்ஜியத்தில், ஈப்ர் நகருக்கு வடக்கே குழிக்குள் இருந்தார்கள். வெயில் சாயும் நேரம், இதமான காற்று. எதிரிக் குழியிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை எழுந்து, தரையைத் தடவிக்கொண்டே வந்தது.

"மச்சான், இது நம்ம புகை மாதிரி இல்ல. வாங்க, மேல ஏறி ஓடிரலாம்" என்று ஜோபிக் குழியின் விளிம்பைப் பிடித்துவிட்டான்.

"மேல போனா சுட்டுருவான்டா! புகைன்னா புகைதான். எல்லாரும் படுங்க! மூஞ்சிய மண்ணுல வைங்க!"

ஊர் ஆட்கள் யோசிக்கவே இல்லை, பழக்கம் அவர்களைப் படுக்க வைத்தது. ஜோபிக் மட்டும் நின்றான். கூல்வென் அவன் பிடரியில் கை வைத்து அழுத்தினார்.

"மாப்ள, வாழ்க்கைல ஒரு தடவையாவது என் பேச்சக் கேளு."

அவன் அவரை ஒரு நொடி பார்த்தான். பிறகு படுத்தான்.

எல்லாரும் படுத்துவிட்டதைப் பார்த்த கூல்வென், புகை எதுவரை நீள்கிறது என்று பார்க்கப் பின்பக்க மேட்டில் ஏறினார். அங்கேயே நெஞ்சு எரிந்து மூச்சடைத்தது. மறுபக்கம் உருண்டு விழுந்தவரை யாரோ இழுத்துப் போனார்கள். சட்டைப் பித்தளைப் பொத்தான்களெல்லாம் பச்சை பூத்திருந்தன. குழிக்குள் படுத்தவர்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் அழுதார். ஆனாலும் மனதில் ஒரு மூலையில் நிம்மதி இருந்தது. தெரிந்ததைச் செய்தோம், விதி முந்திக்கொண்டது என்று நினைத்திருந்தார். அந்த நிம்மதியும் கோடை வரைக்கும்தான். விஷப்புகையைத் தடுக்கும் புது முகமூடி கொடுக்க வந்த இளம் அதிகாரி எல்லாரையும் வரிசையில் நிறுத்திச் சொன்னான்:

"இந்தப் புகை காத்த விட கனம். பள்ளத்துல போய்த் தேங்கும். படுத்தவன் செத்தான். மேட்டுல ஏறி நின்னவன்தான் பொழைப்பான்."

"ஐயா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் கூல்வென்.

காது மந்தமான கிழவன் என்று நினைத்து, அவன் இன்னொரு தடவை உரக்கச் சொன்னான்.

அதன் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் அவர் பீரங்கிக்குச் சாலை போட்டார். இரும்பு வண்டிகள் சேற்றில் ஊர்ந்து போனதையும், விமானங்கள் குண்டு போட்டதையும் பார்த்தார். எதிலும் அவருக்குச் சாவு வரவில்லை. அதற்காக அவர் கடவுளைத் திட்டாத நாள் கிடையாது.

ஊர் திரும்பியதும் மறுபடி பாசிக்குழிதான். ஈப்ரில் நடந்ததை அவரும் சொல்லவில்லை, ஊரும் கேட்கவில்லை. ஒரு நாள் காற்று திரும்பியது. புகை கவிழ்ந்ததும் பெண்கள் எல்லாரும் மணலில் படுத்தார்கள். கூல்வென் இருமிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார்.

"படுங்கண்ணே! என்ன, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று சோவாசிக் கீழேயிருந்து கத்தினாள்.

அவர் அசையவில்லை. புகை கலைந்தது. அவள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே அருகில் வந்தாள். இத்தனை நாளாகக் கேட்காததைக் கேட்டாள்.

"அண்ணே, கடைசிலயாவது அவரு உங்க பேச்சக் கேட்டாரா?"

கூல்வெனுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. புகையால் என்று அவள் நினைத்திருக்கலாம்.

"கேட்டாரும்மா."

"அது போதும்ண்ணே" என்றாள் சோவாசிக். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.